பத்தரை மணி வெயில்

வெள்ளகோயில் தாண்டி முத்தூர்ச் சாலையில்
கிட்டுசாமி எண்ணெய் மில்லுக்குப் பின்புறம்
நான்கு தொட்டிகள்.
முதலாவதில் இயந்திரம் கழுவின தண்ணீர்,
அதன்மேல் விரல் கனத்துக்குத் தேங்காயெண்ணெய்.
நாலு மாசமாக என் ஆய்வுக்கூடம் இதுதான்.

துணி திருப்பூரிலிருந்து வந்தது.
கிலோ முப்பது ரூபாய், வெட்டுக் கழிவு.
கழுத்து வளைவுகள் அப்படியே இருந்தன,
ஆளில்லாத கழுத்துகள்.
வியர்வை குடிக்கவென்றே பின்னிய பனியன் துணியை
மணல்தூளும் மெழுகமிலமும் கரைத்த குழம்பில் முக்கி
அடுப்பில் காயவைத்து
தண்ணீர் வேண்டாமென்று சொல்லப் பழக்கினேன்.
இப்போது சொட்டு விட்டால்
பேச்சுவார்த்தை இல்லாத பங்காளி
கல்யாண வீட்டில் நழுவுவதுபோல
முகம் கொடுக்காமல் உருண்டு போகிறது.
எண்ணெய் மட்டும்
சத்தமில்லாமல் உள்ளே இறங்கிவிடும்.

தாமரையிலை மாதிரிங்களா, என்றார் கிட்டுசாமி.
எல்லோரும் அதையே கேட்கிறார்கள்.
தாமரையிலையில் ஓட்டை இல்லைங்க.
இங்கே வேலை செய்வதே ஓட்டைதான்.
அதை அடைத்துவிட்டால்
இது வெறும் மழைக்கோட்டு.

முதல் தோல்வி வெட்கக்கேடானது.
அடி அறுத்த வாளியில் துணியைக் கட்டி
தொட்டியை மொண்டு ஊற்றினேன்.
துணிக்கு வேண்டிய ஆள் மாடியில்;
கீழ்வீடு முழுக்கத் தண்ணீர், வழியை மறித்துக்கொண்டு.
ஒரு சொட்டு இறங்கவில்லை.
எண்ணெய் மிதக்கும் என்பது
என் ஆறு வருட ஆராய்ச்சிக்கு நினைவில்லை.
ஜுகல் சிரிக்காமலிருக்கத்
துடைப்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
பிறகு சொன்னான்: 'படகு உடுங் அக்கா.'
ஒடிசாவில் அவன் ஊர் ஏரிக்கரை.
தமிழ் மட்டும் முத்தூர்.

டிபன் கேரியரின் நடு அடுக்கு,
சுற்றிலும் ஆணித்துளை, வெளியே பனியன் துணி.
மிதக்கவிட்டோம்.
எண்ணெய் பக்கவாட்டில் கசிந்து
படகுக்குள் தேங்கியது. ஓட்டைப் படகு,
தனக்கு வேண்டியதில் மட்டும் மூழ்கும் படகு.

அடுத்த வாரமே தண்ணீரும் ஏறியது.
யாரோ இரவு ஷிப்டில் தரைக்குச் சோப்புப் போட்டிருந்தார்கள்.

எண்ணெயும் தண்ணியும் ஒட்டாது என்பார்கள்.
என்னையும் அவரையும் அப்படித்தான் சொன்னார்கள்,
பெருந்துறை வக்கீல் உட்பட.
ஒட்டும். கொஞ்சம் சோப்புப் போதும்.
பால்போல வெளுத்து, எது எதுவென்று தெரியாமல்
ஒன்பது வருடம் பாலாகவே இருந்தோம்.
அந்தக் கலவையை இந்தத் துணி பிரிக்காது.
சோப்புப் பட்டால் துணியே
தண்ணீர்ப் பக்கம் சாய்ந்துவிடும்.
அறிக்கையின் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்,
முதல் பாதியை மட்டும் விட்டுவிட்டு.

மார்கழி இருபது.
கோயமுத்தூரிலிருந்து கடன் கொடுக்கிற அதிகாரி
எட்டு மணிக்கே வந்துவிட்டார், குல்லாய் போட்டுக்கொண்டு.
தொட்டியைத் திறந்தால்
குளியலறை பாட்டிலில் காலையில் உறைவதுபோல
தொட்டி நிறைய வெள்ளை.
படகு அதில் சந்தனத்தில் குத்தின ஊதுபத்தியாக
சாய்ந்து நின்றது.

தேங்காயெண்ணெய் உறையும் என்பதும்
எனக்கு நினைவில்லை.

கிட்டுசாமி டீ சொன்னார். மறுபடியும் டீ சொன்னார்.
அதிகாரி தென்னந்தோப்பைப் புகழ்ந்தார்,
வாடலைப் பற்றி விசாரித்தார்,
கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் பார்த்தார்.
'நல்ல முயற்சிங்க மேடம்' என்று
பத்து மணிக்குக் காங்கயம் கிளம்பினார்.

பத்தரைக்குத் தகரக் கூரையைத் தாண்டி
வெயில் தொட்டிக்குள் கால் வைத்தது.
ஓரத்தில் ஒரு கண்ணாடி வளையம்.
வெள்ளை விரிசல் விட்டது.
ஜுகல் துடைப்பக் கட்டையால்
படகை வெயிலுக்குள் தள்ளினான்.
அது நிமிர்ந்தது.

நிரம்ப ஒரு மணி நேரம் ஆயிற்று.
போன் என் கையில்தான் இருந்தது.
அதிகாரியைக் கூப்பிடவில்லை,
ஏனென்று இன்னும் தெரியவில்லை.

நான் அளவுக் குடுவையைத் தேடும் முன்
ஜுகல் அகலில் கொஞ்சம் ஊற்றி
அதே பனியன் துணியில்
குழம்பு படாத ஓரமாகக் கிழித்துத்
திரி திரித்துப் பற்றவைத்தான்.

இருவரும் காது கொடுத்தோம்.

படபடக்கவில்லை.